விட்டுப்போன பெயர்

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் வகுப்பு. இரண்டு மின்விசிறிகள் ஓடவில்லை. பின் பெஞ்சில் யாரோ கொய்யாக்காயில் மிளகாய்த்தூள் தடவித் தின்ற வாசனை இன்னும் போகாமல் நின்றது.

எங்கள் வகுப்புக்குப் பொறுப்பாசிரியர் சுகந்தி மேடம். வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அதற்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். அந்தத் தாளை எனக்கு எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். செமஸ்டருக்கு ஒருமுறை வரும்.

"எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப். பேர் படிக்கிறேன், எழுந்து நில்லுங்க" என்றார்.

ஏழு பெயர்கள். என் பெயர் முதலில் வரும், அமுதா. அறுபது பேர் உட்கார்ந்திருக்க நாங்கள் ஏழு பேர் நின்றோம். ஒவ்வொருவரும் என்ன சான்றிதழ் தரவில்லை என்று மேடம் சத்தமாகக் கேட்க, நாங்கள் ஒவ்வொருவராகப் பதில் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக மேடம் தாளை மடித்துக்கொண்டே, "யார் பேராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ரோகிணி உட்கார்ந்திருந்தாள். குனிந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பின்கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. வியர்வையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரோகிணி பேரு விட்டுப்போச்சு மேடம்" என்றேன்.

பத்திரிகையில் வாராவாரம் என் கதையைச் சொல்லும் இந்தத் தொடரை எழுதச் சம்மதித்தபோதே, இதைச் சொல்லவேண்டிய வாரம் ஒருநாள் வரும் என்று தெரியும். அப்பாவின் லேத் பட்டறை, அம்மாவின் தையல் கம்பெனி என்று எதையெதையோ எழுதித் தள்ளிப்போட்டு வந்தேன். இனிமேல் முடியாது.

தாலுகா ஆபீஸ் வரிசை

ரோகிணியை நான் முதலில் பார்த்தது கல்லூரியில் இல்லை. அம்பத்தூர் தாலுகா ஆபீஸில், கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய மாதம்.

சாதிச் சான்றிதழில் என் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அதைத் திருத்த அம்மாவும் நானும் மண்ணூர்பேட்டையிலிருந்து போயிருந்தோம். எனக்கு முன்னால் ஒரு பெண் அவள் அம்மாவோடு நின்றாள். நல்ல நிறம். இஸ்திரி போட்ட சுடிதார். இவள் எதற்கு இந்த வரிசையில் நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்த என்னை இப்போது என்ன சொல்வது.

இரண்டு மணி நேரம் நின்றோம். அவள் தன் தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்தாள். வாய் வைத்தே குடிக்கச் சொன்னாள். ஆவடியைத் தாண்டி இருக்கும் அதே கல்லூரி, அதே எலக்ட்ரானிக்ஸ் பிரிவு என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. துணைக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டாள். அம்மாக்கள் இருவரும் அதற்குள் சொந்தக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் கல்லூரிக்குப் போனபோது அவளுக்காக எனக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பையை வைத்துப் பிடித்திருந்தேன்.

அவள் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். பார்வை என் மேல் ஒரு நொடி நின்று, சுவரைப் பார்ப்பது போல நகர்ந்தது. முன்னால் போய் வேறு நான்கு பெண்களோடு உட்கார்ந்தாள்.

மதியத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தெரியும் என்றால், எங்கே தெரியும் என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வருடமும் அவள் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவள் அப்பா ஒரு தனியார் கம்பெனியில் குமாஸ்தா. எப்படியோ முழுக் கட்டணமும் கட்டினார். அந்தத் தாளில் பெயர் வராமல் இருப்பதற்காக ஒரு குடும்பமே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் தப்பித்துவிட்டாள் என்பது மட்டும்தான் தெரியும்.

தக்காளி சாதம்

மதியம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களை நடுவில் வைப்பார்கள். ஆளாளுக்குக் கை நீட்டுவார்கள். முதல் செமஸ்டரில் நானும் அந்த வட்டத்தில் இருந்தேன். அம்மா எனக்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கட்டித் தருவாள்.

முதல் முறை அந்தத் தாள் படிக்கப்பட்ட நாளுக்கு மறுநாளும் உட்கார்ந்தேன். அம்மா தக்காளி சாதம் வைத்திருந்தாள். ரோகிணியும் அன்று தக்காளி சாதம்தான் கொண்டுவந்திருந்தாள். அவள் டப்பா ஐந்து நிமிடத்தில் காலி. என் டப்பாவை ஒருத்திக்கு நீட்டினேன். வயிறு நிறைஞ்சிடுச்சு என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். மிக அன்பாகச் சொன்னார்கள். அதில் சண்டை போட ஒன்றுமே இல்லை.

இரண்டு டப்பாவிலும் ஒரே சிவப்பு. ஒரே கறிவேப்பிலை. நான் அவள் காலி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மூலையில் ஒட்டியிருந்த நான்கைந்து பருக்கையைக்கூட ஒருத்தி விரலால் வழித்துத் தின்றாள்.

அதன்பிறகு நான் தனியாகச் சாப்பிட்டேன். சில நாள் சாப்பிடவே இல்லை. டப்பா கனமாகவே வீட்டுக்குத் திரும்பும்.

"இன்னாடி, துன்னாமலே எடுத்துகினு வர்றே? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்பாள் அம்மா. காலேஜில் எல்லோரும் கொடுத்ததைத் தின்று வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்வேன். அம்மாவுக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

என் பொறாமை

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை அதிகம். இதை என் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கரையான்சாவடியில் என் சித்தி வீடு. பக்கத்து வீட்டில் பாத்திமா என்று என் வயதுப் பெண். ஒரு ரம்ஜானுக்கு அவளுக்குக் கண்ணாடி வைத்துத் தைத்த பச்சைப் பாவாடை எடுத்திருந்தார்கள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா கூப்பிட்டு அதை எனக்கே உடுத்திவிட்டு, தெருவில் ஒரு சுற்று சுற்றிவரச் சொன்னார். சுற்றிவந்ததும் பொறாமை போய்விட்டது. பாத்திமாவும் நானும் சேமியா தின்றோம்.

அது குழந்தையின் பொறாமை. எனக்கும் வேண்டும் என்று அழும். கிடைத்தால் அடங்கிவிடும்.

ரோகிணி மேல் வந்தது வேறு. அவளுக்குக் கிடைத்தது எனக்கு வேண்டும் என்றுகூட இல்லை. அவளிடம் அது இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் சிரிக்கும்போது, மேடம் அவள் தோளில் தட்டிக்கொடுக்கும்போது, ஆய்வகத்தில் அவளோடு ஜோடி சேர ஆட்கள் போட்டி போடும்போது, என் நாக்கின் அடியில் மாத்திரை கரைந்த மாதிரி ஒரு கசப்பு ஊறும். இரவெல்லாம் யோசித்துப் பகலில் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மண்ணூர்பேட்டையில் நான் படித்த பள்ளியிலும் ஸ்காலர்ஷிப் பெயர் படிப்பார்கள். அங்கே பாதி வகுப்பு எழுந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் என்னவோ போல இருக்கும். அந்தப் பள்ளியில் நான் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருவேன். கல்லூரியில் நான்காவது செமஸ்டரில் இரண்டு பாடத்தில் தோற்றேன்.

படிக்காமல் தோற்கவில்லை. ஒரே வரியைப் பத்து முறை படிப்பேன், ஏறாது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். இடது கண் இமை தானாகத் துடிக்கும். திங்கட்கிழமை காலை கல்லூரி பஸ் பட்டாபிராமைத் தாண்டும்போது நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும். முதல் வகுப்பு முடியும்வரை மூன்றாவது மாடிக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை எண்ணுவேன்.

தோற்ற தாளைக் கையில் கொடுக்கும்போது சுகந்தி மேடம், கோட்டாவில் வந்தால் இப்படித்தான், அடிப்படை இருக்காது என்று பக்கத்திலிருந்த ஆசிரியரிடம் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. என்னைக் காயப்படுத்தச் சொன்னதாகவும் தெரியவில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் அதை நம்பினேன். அவர் மேல் கோபம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். நம்பிவிட்டேன்.

தனிக் கையெழுத்து

ஐந்தாவது செமஸ்டர் தொடங்கிய வாரம், சாப்பாட்டு நேரத்தில் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். யாரும் போகாத நேரம் அது. உள்ளே ரோகிணி நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் நான் வருடாவருடம் நிரப்பும் அதே விண்ணப்பம். குமாஸ்தா ஒரு தனித் தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வகுப்புக்குப் போகும் பட்டியலில் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே என்றார்.

அவள் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று அதெல்லாம் என் மனதில் ஓடவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இப்படி ஒரு வழி இருக்கிறது. கேட்டால் கொடுக்கிறார்கள். அவளுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. கேட்டால் கொடுக்கும்படியான முகம் அவளுக்கு இருக்கிறது. நான் நான்கு முறை எழுந்து நின்றிருக்கிறேன்.

திரும்பும்போது அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை பார்வையை நகர்த்தவில்லை. கெஞ்சுவது போல இருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு வழி விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாள் வந்தது. மேடம் கேட்டார். நான் சொன்னேன்.

வகுப்பு ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பியது. மேடம் மடித்த தாளை மறுபடி விரித்துப் பார்த்தார். பிறகு, "ரோகிணி, நீயா?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. இதை மழுப்பி எழுத விரும்பவில்லை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக அந்த வகுப்பில் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

அவளைச் சுற்றி ஒரு கூட்டம்

அவளோடு யாரும் சண்டை போடவில்லை. முதலில் மதிய வட்டம் சின்னதாகியது. பிறகு இடம் மாறியது. அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவளும் அந்த நான்கு தோழிகளும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நின்றுபோனது. அவள் இல்லாத புதுக் குழு ஒன்று தொடங்கியிருந்தார்கள். ஆய்வகத்தில் அவளோடு எப்போதும் ஜோடி சேரும் பெண், இந்த முறை வேறொருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறாளே என்பதுதான் அவர்கள் எல்லோருடைய வருத்தமும். உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதற்குச் சாட்சியாக நான் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ரோகிணி இளைத்தாள். இஸ்திரி போடாத துணியோடு வர ஆரம்பித்தாள். நான் எல்லாவற்றையும் கவனித்தேன். இரண்டு வருடம் முழுக்க நான் பட்டதை அவள் ஒரே மாதத்தில் படுகிறாள் என்று கணக்குப் போட்டேன்.

ஒருநாள் ஆய்வகத்தில் ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டவைக்கும் சால்டரிங் செய்துகொண்டிருந்தோம். திடீரென்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வரவில்லை, செத்துப்போகப் போகிறேன் என்று திணறியபடியே தரையில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்துவிட்டது. விரல்கள் மடங்கி இறுகிவிட்டன.

வகுப்பே ஓடிவந்தது. ஒருத்தி விசிறினாள். ஒருத்தி காலைத் தேய்த்தாள். சுகந்தி மேடம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாவம், நல்ல பொண்ணு என்று அழுதேவிட்டார். முதலுதவி அறை, அங்கிருந்து ஆம்புலன்ஸ். இதயத்தில் ஒன்றும் இல்லை, மனப்பதற்றம் என்று மருத்துவமனையில் சொன்னதாக மாலைக்குள் செய்தி வந்தது. எல்லோரும் அந்த வார்த்தையை மெதுவாக, மரியாதையோடு சொன்னார்கள்.

நான் சுவரோரம் நின்றிருந்தேன். கையில் இன்னும் சால்டரிங் கோல் புகைந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வந்தது என்ன என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதே திணறல், அதே விரல் இறுக்கம். மூன்றாவது மாடிக் கழிவறையில் எத்தனையோ திங்கட்கிழமைகளில் எனக்கு வந்திருக்கிறது. யாரும் கதவைத் தட்டியதில்லை. அவளுக்கு ஒரே ஒருமுறை வந்ததற்கு ஒரு மடி கிடைத்துவிட்டது. ஒரு பெயரும் கிடைத்துவிட்டது.

அன்று நான் பட்ட பொறாமை மாதிரி வாழ்க்கையில் எப்போதும் பட்டதில்லை. தரையில் கிடந்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

வெள்ளானூர்

அவள் கல்லூரிக்கு வரவில்லை. தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள் நெருங்கியது. யாருக்கு அவள் வீடு தெரியும் என்று கல்லூரி கவுன்சிலர் வகுப்பில் வந்து கேட்டார். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் இளம்பெண் அவர்.

"அமுதாவுக்குத் தெரியும் மேம். அவங்க ஆளுங்கதானே" என்று ஒரு குரல் வந்தது.

எனக்குத் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கிக்கொண்டேன்.

தாளில் இருந்த விலாசத்தை வைத்து, ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வெள்ளானூர் போனேன். புதிதாக மனை போட்ட இடம். நட்டுவைத்த கற்களுக்கு நடுவே அங்கங்கே வீடுகள். பக்கச் சுவர் பூசாத ஒரு சின்ன வீட்டின் முன்னால் ரோகிணியின் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"நீ மண்ணூர்பேட்ட பொண்ணுதான? அமுதா. வா வா. இவ்ளோ நாளா ஊட்டாண்ட வராமயே இருந்துட்டியே" என்றார்.

உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். தினமும் ரோகிணியும் நானும் ஒன்றாகச் சாப்பிடுவது அவருக்குத் தெரியுமாம். என் அம்மா வைக்கும் தக்காளி சாதத்தை அவள் புகழ்வாளாம். அமுதா கூட இருக்கும்போது எனக்கு என்னம்மா பயம் என்பாளாம். பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே, கூடவே இருக்கும் உனக்காவது முன்னாடி ஏதாவது தெரிந்ததா என்று என்னைக் கேட்டார்.

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். என் டப்பாவை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் என் அம்மாவிடம் சொன்ன பொய்யையே அவளும் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய பொய்யில் நான் இருந்தேன்.

ரோகிணி உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

"நான் வேணும்னேதான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். திரும்பி ஒன் மூஞ்சிய பாத்தேன் இல்ல" என்றாள்.

வெளியே துணி உதறும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகத்தான் நினைத்தேன். ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

அவளே பேசினாள். கல்லூரியில் பேசும் பேச்சு இல்லை அது, எங்கள் வீட்டுப் பேச்சு. யாராவது எந்தத் தெரு என்று கேட்டால், எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டால், அன்று முழுக்கத் தூக்கம் வராதாம். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் இன்றைக்குத் தெரிந்துவிடுமோ என்றே பஸ் ஏறுவாளாம். பெயர் படிக்கப்பட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டு, பிறகு உட்கார்ந்துவிடுவேனே, அதைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருக்குமாம். உனக்கு மறைக்க ஒன்றும் இல்லையே என்றாள்.

பிறகு முதல் முறையாக முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"நீ எப்டிடி இத்தினி தபா நின்னே? எனக்கு ஒரு தபா நின்னதுக்கே இப்டி ஆயிட்ச்சு."

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை, அவளுக்குத் தெரியாது. நானே என்னைக் கேட்டதில்லை.

"நின்னேன். ஆனா நான் நல்லா இல்ல ரோகிணி" என்றேன். கழிவறைக் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்தி அடக்கியதெல்லாம் அந்த அறையில் சத்தமாக வந்தது. அவள் என்னைத் தொடவில்லை. தடுக்கவும் இல்லை.

கிளம்பும்போது, "மன்னிச்சிடுன்னு மட்டும் கேக்காத. இப்ப அதுக்கெல்லாம் என்னாண்ட தெம்பு கெடையாது" என்றாள்.

கேட்கவில்லை.

ஒன்றரைப் பக்கம்

மறுநாள் கவுன்சிலர் அறைக்குப் போனேன். கையெழுத்தான தாளைக் கொடுத்துவிட்டு, உட்காரலாமா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினேன். அவர் குறுக்கே பேசவில்லை. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களின் புகாரைக் கேட்கக் கல்லூரியிலேயே ஒரு குழு இருக்கிறது என்றார். அதன் பெயர்ப்பலகை முதல்வர் அறைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தது. மூன்று வருடத்தில் நான் அதைப் படித்ததே இல்லை.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பெயர் படிப்பதைப் பற்றி, கோட்டா என்ற பேச்சைப் பற்றி, நான் ரோகிணிக்குச் செய்ததைப் பற்றி. பெயர் படிக்கப்படும் மற்ற ஆறு பேரில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர், இன்டர்னல் மார்க் போய்விடும் என்று பயந்தார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல முடியாது.

விசாரணையில் சுகந்தி மேடம், பிள்ளைகளுக்குப் பணம் தாமதமாகக் கூடாது என்று நல்லெண்ணத்தில் படித்தேன் என்றார். அதையும் நம்புகிறேன். அவருக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. இனி வகுப்பில் பட்டியல் படிக்கக்கூடாது, அவரவர் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. படிப்பு முடியும்வரை மேடம் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

கவுன்சிலர் என்னையும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். முதல் செமஸ்டரிலிருந்து என்றேன். அம்மா என் கையைப் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவே இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு கட்டும்போது அவள் ஒன்றும் பேசுவதில்லை. அளந்து, நான் தனியாகத் தின்னும் அளவுக்கு வைப்பாள்.

ரோகிணியும் அதே மருத்துவமனைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மாத்திரை. எனக்கு ஒன்று. அதிலும் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

ஜூனியர் வகுப்பு

அவள் அந்த வருடத்தை விட்டுவிட்டாள். அடுத்த ஜூலையில் மறுபடி ஐந்தாவது செமஸ்டரில், எங்களுக்கு ஜூனியர்களோடு சேர்ந்தாள். நான் கடைசி வருடம். தோற்ற இரண்டு பாடத்தையும் எழுதித் தேறியிருந்தேன். வழியில் பார்த்தால் இருவரும் தலையசைப்போம். நானாகப் போய்ப் பேசவில்லை. அதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் மாதம் இருக்கும். ஜூனியர் பெண் ஒருத்தி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னாள். அன்று வகுப்பில் புது ஆசிரியர் பாடம் முடித்துவிட்டு, சந்தேகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். ரோகிணி எழுந்து நின்றாளாம். எஸ்.சி. ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் இந்த வருடம் எப்போது தருவீர்கள், போன வருடம் தாமதமாகிவிட்டது என்று கேட்டாளாம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்க, பதில் வரும்வரை நின்றாளாம். பதில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாளாம். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்து, எங்களுக்கும் வேண்டும் மேடம் என்றார்களாம்.

எனக்கு நாக்கின் அடியில் அதே கசப்பு ஊறியது. என்னை எழுப்பி நிறுத்தினார்கள், நான் நின்றேன். ஒரு தடவைகூட நானாக எழுந்ததில்லை. இதையும் அவளே செய்துவிட்டாள்.

மறுநாள் மாலை பஸ் நிற்கும் இடத்தில் அவளைப் பார்த்தேன். தலையசைத்துவிட்டுப் போகப் பார்த்தாள். நான் எதிரே போய் நின்றேன்.

"நேத்து கிளாஸ்ல கேட்டியாமே. கேட்டதும் எனக்கு ஒம்மேல பொறாமையாப் போச்சு. சொல்லிடலாம்னு வந்தேன்" என்றேன்.

சுற்றிலும் எங்கள் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். பழைய மதிய வட்டத்தில் மூன்று பேர் இருந்தார்கள். ரோகிணி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"படு, நல்லா பொறாமைப்படு. பட்டுகினே ஏறு, பஸ் கெளம்பப் போவுது."

ஏறினேன். ஜன்னல் ஓரத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.